நாலு தேசிக்காய்

கோப்பாயில், வீட்டுக்குப் பின்னால், சுபாஸ்கரன் ஆறு வருசமாக ஒரு பந்தயக் கார் கட்டிக்கொண்டிருந்தான். பழைய மொரிஸ் மைனரின் அச்சு, ஓட்டோவின் விளக்குகள், இரண்டே இருக்கைகள். எஞ்சினுக்கு மட்டும் கடைசிவரை காசு சேரவில்லை. இன்று பின்னேரம் பழைய இரும்பு வாங்குபவர் வந்து ஏற்றிப்போவார்.

"குடுக்க முன்னம் ஒருக்காத் தேசிக்காய் நசிச்சு விடுவமப்பா," என்றாள் மனைவி கீர்த்திகா. "புது வாகனமெண்டால் நசிச்சுப்போட்டுக் கோயிலடிக்குக் கொண்டுபோறதுதானே."

"எஞ்சின் இல்லாமல் என்னெண்டு கோயிலுக்குப் போறது? நசிக்கிறதுக்கும் நாங்கள்தான் தள்ளோணும்."

நாலு சில்லுகளுக்கும் முன்னால் நாலு தேசிக்காய் வைத்தார்கள். இருவருக்கும் களைப்பாக இருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுத் தள்ளலாம் என்று உள்ளே போனார்கள்.

திரும்பி வந்தபோது கார் அதே இடத்தில் நின்றது. நாலு தேசிக்காயும் தட்டையாக நசிந்து கிடந்தன.

"நீங்களே தள்ளினனீங்கள்?"

"நான் உம்மோடைதானே இருந்தனான்."

கேற் பூட்டியபடியே இருந்தது. அவன் பொனற்றைத் திறந்து பார்த்தான். எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் காய்ந்த வேப்பிலைகள் கிடந்தன.

கீர்த்திகா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஸ்ரியறிங்கின் நடுவில், கோயிலில் ஐயர் வைப்பதுபோல, சந்தனமும் குங்குமமும் இருந்தன. விரலால் தொட்டாள். ஈரம் காயவில்லை.

சுபாஸ்கரன் வாசற்படியில் இருந்துகொண்டு இரும்புக்காரருக்குப் போன் எடுத்தான்.

"வரவேண்டாம் அண்ணை," என்றான் அலுப்போடு. "கார் ஓடுது."