நாற்பது செல்கள்

லுண்ட் நகர ஆய்வகத்தில் சிக்னேவின் வேலை, தொப்புள்கொடி ரத்தத்தைச் செல் செல்லாகப் பிரித்து மரபணுக்களைப் படிப்பது. பிறந்த குழந்தையின் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு எந்த நோயும் தெரியாது, இனிமேல்தான் கற்றுக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை வந்த ரத்தத்திலும் ஒன்பதாயிரம் செல்கள் அப்படித்தான் இருந்தன. நாற்பது மட்டும் பெரியம்மையோடு போராடி ஜெயித்தவை.

"அம்மா ரத்தம் கலந்திருக்கும்," என்றான் உடன் வேலை பார்க்கும் தூரே. "இல்லன்னா நீ தூங்கிக்கிட்டே பிரிச்சிருப்ப."

"மூணு தடவை பாத்துட்டேன். மரபணு குழந்தையோடதுதான். அம்மாவுக்கே இருபத்தெட்டு வயசுதான். பெரியம்மை ஒழிஞ்சு எவ்வளவு வருஷமாச்சு?"

தூரே திரையைப் பார்த்தான். அதன்பிறகு கேலி செய்யவில்லை.

மறுநாள் காலை, ஒப்புதல் படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதாகச் சாக்குச் சொல்லிக்கொண்டு, சிக்னே பிரசவ வார்டுக்குப் போனாள். அந்தக் குழந்தையின் தாய் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெருமையாகப் போர்வையை விலக்கிக் காட்டினாள். குழந்தையின் நெற்றியிலும் கன்னங்களிலும் அம்மைத் தழும்புகள் இருந்தன. என்றோ ஆறி வெளுத்தவை.

"பொறக்கும்போதே இருந்துச்சு," என்றாள் தாய். "தானா மறைஞ்சிடும்னு நர்ஸ் சொன்னாங்க."

 சிக்னே கதவை நோக்கிப் பின்வாங்கினாள்.

"எங்க பொண்ணுக்கும் அதே மாதிரிதான்," என்று அடுத்த கட்டிலில் இருந்தவள் தன் தொட்டில் பக்கம் கை நீட்டினாள்.