பச்சை படர்ந்த சுவர்

அசூபாள் முதலில் பாய்களைத்தான் தூக்கிவந்து தெருவில் போட்டாள்.

பிறகு மாவரைக்கும் திரிகை, எண்ணெய் ஜாடி, ஆட்டுத்தோல்கள், தண்ணீர்க் குடம்.

ஆசாரியர் இம்மேர் வாசலில் கோலை ஊன்றி நின்றிருந்தார். சுவரில் பச்சையாக ஏதோ படர்கிறது என்று அவரிடம் போய்ச் சொன்னவள் பக்கத்து வீட்டு மில்காள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

"பதறாதேம்மா. எல்லாத்தையும் வெளிய எடுத்துடு. நான் பாத்துத் தீட்டுன்னு சொல்லிட்டா, உள்ள இருக்கறது அத்தனையும் தீட்டு."

தீட்டு என்றால் ஏழு நாள் கதவை அடைத்துவிடுவார்கள். அப்புறமும் படர்ந்தால் கல் கல்லாகப் பெயர்த்தெடுப்பார்கள்.

நேற்றும் அவள் சுரண்டிப் பார்த்தாள். பச்சை போகவில்லை. கல்லுக்குள் குழிந்து இறங்கியிருந்தது.

மில்காள் பாய்களைக் காலால் புரட்டினாள்.

"ஒண்டிக்கட்டைக்கு ரெண்டு பாய் எதுக்குடி? ரெண்டும்ல தேஞ்சு கெடக்கு!"

"ஒண்ணு செத்தவரோடது."

மோவாபியரோடு சண்டைக்குப் போன அவள் புருஷன் மாகீர் திரும்பவில்லை. ஊரே அவளோடு உட்கார்ந்து அழுதது.

அழுது ஓய்ந்த வாரம், எலும்பும் தோலுமாகக் கொல்லைப் பக்கம் வந்து நின்றான். படையை விட்டு ஓடிவந்தவனை ராஜாவின் ஆட்கள் ஊர் வாசலிலேயே வெட்டுவார்கள். வெட்டியும் இருக்கிறார்கள்.

இப்போது அவன் உள்ளே, தானியக் குழியில், பலகைக்கு அடியில் குந்தியிருந்தான்.

"வேற ஏதாவது இருக்கா?" என்றார் ஆசாரியர்.

"இல்ல."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். இன்னொரு முறை கேட்டார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் குனிந்து உள்ளே போனார்.

அசூபாள் குடத்தைத் தூக்கினாள். கீழே வைத்தாள். ஜாடியை நகர்த்தினாள். பழைய இடத்துக்கே மறுபடி நகர்த்தினாள். ஒரு சுவரைப் பார்க்க இவ்வளவு நேரமா?

உள்ளிருந்து ஓர் இருமல்.

அவளுக்குத் தெரிந்த இருமல். தவிட்டுத் தூசி அவனுக்கு எப்போதுமே ஆகாது.

மில்காள் சட்டென்று நிமிர்ந்தாள்.

உடனே இன்னோர் இருமல். தெருக்கோடி வரை கேட்கும்படி, கரகரவென்று, ஆசாரியரின் இருமல். நிற்காமல் இருமினார். இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

"பச்சையாவது ஒண்ணாவது! எல்லாம் அடுப்புக் கரி. வீடு சுத்தம்."

வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடியிருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு அசூபாளிடம் திரும்பினார். குரல் தணிந்தது.

"தண்ணிக் குடத்தை முதல்ல உள்ள வை."

மில்காள் நீட்டிய அப்பத்தை அவர் வாங்கவில்லை. எதிரே வந்தவர்கள் மேல் படாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்.

குடத்தில் இருந்த கொஞ்சத் தண்ணீரையும் மாகீர் ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தான். அவர் பலகையைத் தூக்கினாரா, தன்னைப் பார்த்தாரா என்று அவனால் சொல்ல முடியவில்லை. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தானாம்.

அவள் மறுபடி தண்ணீருக்கு ஓடைக்கு இறங்கினாள்.

யாரும் போகாத கீழ்த்திருப்பத்தில், இடுப்பளவு நீரில் இம்மேர் நின்றிருந்தார். உடுத்தியிருந்ததை எல்லாம் அலசிப் பாறைமேல் காயப்போட்டிருந்தார். முழுகினார். எழுந்தார். மறுபடியும் முழுகினார்.

பொழுது சாயும்வரை அவர் ஊருக்குள் வரவில்லை.

தீட்டு வீட்டுக்குள் போய்வந்தவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.