லோர்னா சொன்ன விலை

“லோர்னா மாதிரி வாய் கூசாம கேக்கறதுக்கும் ஒரு தைரியம் வேணும். எனக்கு அது கிடையாது” என்றான் டேரில்.

சமையலறை மேஜையில் லேப்டாப். ஜன்னலுக்கு வெளியே அமெரிக்காவின் டுலூத் நகரத்துப் பிப்ரவரிப் பனி. டேரிலுக்கு வீடியோ எடிட்டிங் தொழில். முதலாளி கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. ஊர் அருங்காட்சியகம் ஒரு வருஷ வேலைக்கு, மணிக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தது. இன்றைக்குள் பதில் போயாக வேண்டும்.

“பழைய நாப்பத்தஞ்சு டாலரையே போட்டுடறேன், கானி.”

“வரி போக, காப்பீடு போக, கம்ப்யூட்டர் தவணை போக, நாப்பத்தஞ்சுல என்ன மிஞ்சும்? முதுகுவலிதான் மிஞ்சும்” என்றாள் மனைவி. கானி நர்ஸ். முதுகுவலி அவளுக்கும் உண்டு.

“அறுபத்தஞ்சுதான் நியாயமான விலைன்னு நீதானே கணக்குப் போட்ட?” என்று அவளே தொடர்ந்தாள்.

“நியாயம்தான். அதைக் கேட்டா வேலை கைவிட்டுப் போயிடும். இதுவும் போச்சுன்னா கிடங்குல பெட்டி தூக்கத்தான் போகணும்.”

“லோர்னா கேக்கறாளே?”

“அவளா? நூறுக்குக் கீழ வாயே திறக்க மாட்டா. டிவி ஸ்டேஷன்ல பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உக்காந்து எடிட்டிங் பண்ணினோம். ஒரே நாள்ல ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினாங்க. எனக்கு இல்லாத கொம்பு அவளுக்கு மட்டும் எங்கிருந்து முளைச்சுது? கல்லூரி விளம்பரத்துக்கு இப்படித்தான் கேட்டா, அது எனக்கு வந்துது. துறைமுக ஆபீஸ் வேலைக்கும் கேட்டா, அதுவும் எனக்குத்தான் வந்துது. இன்னும் புத்தி வரலை பாரு. பேராசை!”

கானி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். நாற்பத்தைந்தை அழித்தாள், அறுபத்தைந்தை அடித்தாள், அனுப்பியும் விட்டாள்.

“அடிப்பாவி!”

“திட்டறதையெல்லாம் சேர்த்து வை. சாயங்காலம் வந்து கேட்டுக்கறேன்” என்று கோட்டை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

அதற்கப்புறம் நாலைந்து ராத்திரி டேரில் படுத்தானே தவிர தூங்கவில்லை. பகலில் ஒரு பல் டாக்டரின் விளம்பரத்தை மறுபடி மறுபடி திருத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் “சின்ன மாத்தம்தான்” என்றுதான் கேட்டார் டாக்டர். சின்ன மாற்றத்துக்கெல்லாம் யாராவது காசு கேட்பார்களா? டேரிலும் கேட்கவில்லை. கண் எரிந்தது. கிடங்கில் பெட்டி தூக்குவதே மேல் என்றுகூடத் தோன்றியது.

கடைசியில் அருங்காட்சியகத்திலிருந்து ஜூடித் கூப்பிட்டாள். கணக்கு வழக்கெல்லாம் அவள் பொறுப்பு.

“உங்க விலையைப் பார்த்து எங்க கமிட்டி கொஞ்சம் முகம் சுளிச்சுது, டேரில். போன தடவை நாப்பத்தஞ்சுதானே வாங்கினீங்க?”

நாற்பத்தைந்துக்கே செய்துவிடுகிறேன் என்று சொல்ல டேரில் வாயெடுத்தான். அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“மூணு பேர்கிட்ட விலை வாங்கணும்ங்கறது எங்க விதி. ஒருத்தர் முப்பதுன்னார். அவ்வளவு மலிவுன்னா பயமா இருக்கு. லோர்னா நூத்திருபதுன்னாங்க. எங்க தலைவருக்குத் தண்ணி குடுக்க வேண்டியதாப் போச்சு! அதைக் கேட்டப்புறம் உங்களோடது எல்லாருக்கும் நியாயமாப் பட்டுடுச்சு. எப்பவும் போல நடுவுல இருக்கறதையே எடுத்துக்கிட்டோம். திங்கக்கிழமை ஆரம்பிச்சுடறீங்களா?”

போனை வைத்ததும் டேரில் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

கொஞ்ச நேரம் கழித்து லோர்னாவின் ஞாபகம் வந்தது. பாவம், இப்படி விலை சொல்லிக்கொண்டிருந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? இவனுக்கு வந்திருப்பதோ ஒரே ஆள் தாங்குகிற வேலை இல்லை. பாதியை அவளுக்குக் கொடுக்கலாம், அப்படியே நாலு வார்த்தை புத்தியும் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினான். வெறுங்கையோடு போகாமல் ஒரு பெட்டி டோனட் வாங்கிக்கொண்டான்.

அவள் வீட்டு வாசலில் மஞ்சள் நிறப் பள்ளி பஸ் ஒன்று நின்றது. ஓட்டுநர் பக்கத்திலிருந்து துடைப்பமும் கையுமாக இறங்கினாள் லோர்னா.

“என்ன இது?”

“பஸ். பார்த்தாத் தெரியலை?”

“நீயா ஓட்டற?”

“ரெண்டு வருஷமா. காப்பீடு இருக்கு, லீவு இருக்கு. பிள்ளைங்க கத்துங்க, ஆனா ஒண்ணும் திருத்தம் சொல்லாதுங்க.”

“அப்ப எடிட்டிங்?”

“கம்ப்யூட்டரை அப்பவே வித்துட்டேன். நாப்பதுக்கும் அம்பதுக்கும் கண்ணைக் கெடுத்துக்கிட்டு என்னால ஓட முடியலை, டேரில். களைச்சுப் போயிட்டேன்.”

டேரிலுக்கு ஒன்றும் புரியவில்லை. “பின்ன எதுக்கு ஊர்ல எல்லாருக்கும் விலை சொல்லிட்டிருக்க?”

“மூணு விலை வேணும்னு என்னையும் கூப்பிடறாங்க. நான் இல்லைன்னுட்டா இன்னொரு முப்பது டாலர்காரனைப் பிடிப்பாங்க. அப்புறம் அந்த மூணு பேர்ல நீதான் பேராசைக்காரனாத் தெரிவ. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது இந்தத் தொழில்ல நிக்க வேண்டாமா?”

சொல்ல வந்த புத்தியை விட்டுவிட்டு டோனட் பெட்டியை அவளிடம் நீட்டினான் டேரில். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டான்.

“யாராவது நூத்திருபதுக்குச் சரின்னு சொல்லிட்டா என்ன பண்ணுவ?”

லோர்னா பெட்டியைத் திறந்து ஒரு டோனட்டை எடுத்துக்கொண்டாள்.

“உன்னைத்தான் கூப்பிடுவேன். முழு நூத்திருபதுக்கும்.”