டிராகன் சிரிக்காது

“டிராகனைச் சிரிக்க வைக்கிறேன்” என்றார் பல் டாக்டர்.

என் மனைவி கை தட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு மதியம். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடமும் பகடைகளும், எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் கொண்டுவந்த வேர்க்கடலையும். விளையாட்டில் அவர்கள் மூவரும் வீரர்கள். கதையை நடத்துவது நான். டிராகனும் நான்தான். என் தாள்களை யாரும் எட்டிப் பார்க்காமலிருக்க முன்னால் ஓர் அட்டை நிறுத்தியிருந்தேன்.

ஐந்து மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த டிராகன். எலெக்ட்ரீஷியன் ஆறு முறை வாள் வீசியும் செதிலில் ஒரு கீறல் விழவில்லை. நெருப்பைக் காட்டினால் குளிர் காயும். இன்று அது தப்பித்துவிட்டால் அவர்களுடைய ஊர் சாம்பல்.

மந்திரம்தான் அதைக் கொஞ்சம் அசைக்கும். மந்திரம் வந்தால் டிராகனுக்காக நான் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். எண் குறைந்தால் மந்திரம் பலித்துவிடும். ஆனால் வயதான டிராகனுக்கு விதியில் ஒரு சலுகை உண்டு. பகடையில் தோற்றாலும், ஒன்றுமே ஆகவில்லை என்று அது சொல்லிவிடலாம். ஒரு நாளைக்கு மூன்றே முறை.

அது எப்படி முடியும் என்று விதிப் புத்தகத்தில் விளக்கம் கிடையாது. எனக்குத் தேவையும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

பல் டாக்டர் என் மனைவியின் அத்தை மகன். அவரை அத்தான் என்பாள். என்னை டேய் என்பாள். அவர் வாயைத் திறந்தாலே விழுந்து விழுந்து சிரிப்பாள். அதே ஜோக்கை நான் சொன்னால், “சரி, சாப்பிட வா” என்பாள்.

போதாக்குறைக்கு, ஒரு வாரமாக இருவரும் போனில் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் அறைக்குள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

பகடையை உருட்டினேன். ஏழு. தோல்விதான்.

சிரித்தால் என்ன குடி முழுகிவிடும்? ஒரு சுற்று தரையில் புரண்டுவிட்டு எழுந்துவிடும். விட்டிருக்கலாம். மனசு வரவில்லை. அவருக்கு என் டிராகன்கூடச் சிரிக்க வேண்டுமாக்கும்!

“ஒண்ணும் ஆகல” என்றேன்.

அடுத்து டிராகனின் மூக்கில் அரிப்பு வரவழைத்தார். என் மனைவி அவர் தோளில் தட்டிச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பகடையில் ஐந்து.

“ஒண்ணும் ஆகல.”

மூன்றாவது, ஏப்பம். பகடையில் இரண்டு. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். பல் டாக்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடலையை உரித்தார். எனக்கு அப்படி ஓர் அற்ப சந்தோஷம்.

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளிடம் ஒரே ஒரு பெரிய மந்திரம் இருந்தது. ஐந்து மாதமாக அவள் அதைத் தொட்டதே இல்லை.

“டிராகனை நத்தையா மாத்துறேன்.”

நான்கு விழுந்தது. பழக்கத்தில் வாயைத் திறந்தேன். மூன்றும் தீர்ந்துபோயிருந்தது.

எலெக்ட்ரீஷியன் என் டிராகனை இரண்டு விரலால் எடுத்து, ஜாடியில் போட்டு மூடினார். மூவரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“பேசி வச்சு பண்ணீங்களா?”

“ஒரு வாரமா” என்றார் பல் டாக்டர், வாயெல்லாம் பல்லாக.

“யாரோட ஐடியா? டாக்டரோடதா?” குரலில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

“என்னோடதுதான்” என்றாள் அவள், பகடைகளைப் பைக்குள் போட்டபடி. “அத்தான் எவ்வளவு சின்னதா போட்டாலும் நீ விடமாட்டேன்னு எனக்குத்தானே தெரியும்.”

“அதுதான் எனக்கு இன்னும் புரியல” என்றார் பல் டாக்டர். “நான் போட்டதெல்லாம் வெத்து மந்திரம். ஏன் விடமாட்டார்?”

எனக்குக் காது சூடானது.

“அந்த டிராகன் அப்படித்தான், அத்தான்” என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல், பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

எத்தனை வருடமாக அவளுக்குத் தெரியும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.