சுத்தியல்காரர் சொன்னால் சரி

"பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போறதுக்கு இது என்ன பார்க்காய்யா?"

பாலத்துக்கு அடியில் குறுக்கே வந்து நின்று பொறியாளர் கத்தினார். சாரத்தின் முதல் படியில் கால் வைத்திருந்த சுத்தியல்காரர் அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, ஏறுவதற்குத் தயாராகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

இலாகாவில் எல்லாருக்கும் அவர் சுத்தியல்காரர்தான். பாலங்களின் அடிவயிற்றைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பது அவர் வேலை. கெட்டியான கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும், உள்ளே விரிசல் விட்டுப் பொள்ளலாகிப்போன இடம் பொத்தென்று ஒலிக்கும். பொத்தென்ற இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவார். வட்டம் விழுந்தால் பழுதுபார்க்காமல் அந்தப் பாலத்தில் ஒரு சைக்கிள்கூடப் போக முடியாது.

போன மாதம் ஒரு பாலத்தில் பதினேழு வட்டம் போட்டார். உடைத்துப் பார்த்தால் பதினேழிலும் கம்பி துருவேறி உதிர்ந்தது. அத்தனை சுத்தமான வேலை. ஆளும் மரியாதைக்காரர், யார் பேசினாலும் அவர்கள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

ஒரே ஒரு விசித்திரம், இரண்டு வருடமாக எந்தப் பாலத்துக்குப் போனாலும் மனைவியும் கூடவே வருவாள். சாரத்தில் அவர் தோள்மேல் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இந்த வயசுல சந்தேகமா, சரசமா?" என்று டிரைவர்கள் கண்ணடித்துக்கொள்வார்கள்.

பொறியாளர் மாற்றலாகி வந்து இரண்டே வாரம். அவருக்கு இதெல்லாம் சகிக்கவில்லை. ஏற்கெனவே மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளம் மோதிய பாலம், மூன்று நாளாக அடைத்துக் கிடக்கிறது. ஆஸ்பத்திரி அக்கரையில். நோயாளிகளை நாற்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போகிறார்கள். சோதனைக் கருவி மாநிலத்துக்கே ஒன்றுதான், அது இந்தப் பாலத்துக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலதிகாரியிடமிருந்து போன்.

"ஹெல்மெட் இல்ல, அடையாள அட்டை இல்ல. ஏதாவது ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்? மேல போய் ரோட்டுல நில்லுங்கம்மா."

"ரெண்டு வருஷமா கூடத்தான் சார் போறேன். அவருக்குப் பிரஷர் இருக்கு. திடீர்னு தலை சுத்தும்."

"தலை சுத்துற ஆளு எதுக்குச் சாரத்துல ஏறணும்? இவரை வீட்டுக்கு அனுப்பிட்டு வேற ஆளைப் போடச் சொல்லிடட்டுமா?"

அவள் செருகியிருந்த புடவை நுனியைக் கீழே இறக்கிவிட்டாள். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான்.

"நாளைக்கு வெச்சுக்கலாமா சார்?" என்றார் சுத்தியல்காரர் மெதுவாக.

"நாளைக்கா! அங்க ஹாரன் அடிச்சே என் உயிரை எடுக்குறாங்க. ஏறுய்யா!"

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மேடேறிப் போனாள். அவர் தனியாகச் சாரத்தில் ஏறினார்.

டக். டக். டக். ஒரு கையால் தட்டினார், மறு கையைக் கான்கிரீட்டில் அழுத்தி வைத்துக்கொண்டார். ஒரே இடத்தை நாலு தரம் தட்டினார், நகர்ந்தார், மறுபடி அதே இடத்துக்கு வந்தார். கீழே பொறியாளர் குட்டி போட்ட பூனை மாதிரி இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் அலைந்துகொண்டிருந்தார். ஒரு மணி நேரம் போனது.

இறங்கி வந்தபோது சுத்தியல்காரரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னய்யா, வட்டம் ஒண்ணையும் காணோம்?"

"குறைன்னு... எதுவும் படலை சார்."

பொறியாளர் அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான். "அப்பாடா! வயித்துல பால் வார்த்தே!" என்று படிவத்தை நீட்டினார். சுத்தியல்காரர் படிவத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு மெல்லக் கையெழுத்துப் போட்டார். வயசாகிவிட்டது, பாவம் என்று பொறியாளர் நினைத்துக்கொண்டார்.

"பாலம் நல்ல நிலைமையில இருக்கு சார். இதோ திறந்துடறோம்," என்று போனில் சொல்லிக்கொண்டே மேடேறினார். தடுப்புகளை இழுத்து ஓரம் போட்டார்கள். முதலில் நின்ற பேருந்து உறுமிக்கொண்டு கிளம்பியது. ஜன்னலெல்லாம் தலைகள்.

சுத்தியல்காரர் பின்னால் தள்ளாடி வந்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். காலையில் எடுத்து வந்த சுண்ணக்கட்டி முனைகூட மழுங்காமல் இருந்தது.

ஓடிப்போய்ப் பேருந்தின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். கிரீச்சென்று பிரேக் போட்டான் டிரைவர்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" பொறியாளர் பாய்ந்து வந்தார். "தள்ளுங்கம்மா!"

"வண்டியை விடாதீங்க சார். பாலத்தை மறுபடி பாக்கணும்."

"உங்க வீட்டுக்காரர் பாத்துக் கையெழுத்தே போட்டாச்சு! முப்பது வருஷமா இந்த மனுஷன் காதை நம்பித்தான் பாலத்தைத் திறக்குறோம், மூடுறோம். அவரே சொன்னதுக்கு அப்புறம் குறுக்க வர நீங்க யாரு?"

அவள் கணவனைப் பார்த்தாள். எட்டு மாதம் என்று ஒரு கணம் மனசு கெஞ்சியது. பேருந்தின் ஜன்னலில் ஒரு கைக்குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. சுத்தியல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பொறியாளர் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"தட்டுறது மட்டும்தான் சார் அவரு, கேக்குறது நான்!"