கம்பத்துக்குச் சாட்சி

கம்பத்தின் முதுகு குடையப்பட்டிருந்தது.

லொறியில் ஏற்றும்போதே அவன் கவனித்துவிட்டான். முன்பக்கம் செதுக்கிய காகம், திமிங்கிலம், அடியில் பெரிய கரடி. பின்பக்கம் மட்டும் அடி முதல் நுனி வரை வள்ளம் போலப் பள்ளம்.

இவ்வளவு பெரிய மரத்தை யாராவது சும்மா குடைவார்களா?

டோர்ச் அடித்துப் பார்த்தான். கையை விட்டுத் துழாவினான். சிராய்தான் ஏறியது.

உள்ளே எதையாவது வைத்து அனுப்பினால் வழியில் மாட்டுப்படுவது சாரதிதானே.

பாரம் குறையவும் மரம் வெடிக்காமல் இருக்கவும் குடைவது என்றாள் டோரீன். கம்பத்தைச் செதுக்கியவள் அவள்தான். அவன் தலையாட்டினான். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து நம்பாமல் தலையாட்டுவதில் அவன் கெட்டிக்காரன்.

அவன் பெயரை இரண்டு தரம் சொல்லச் சொல்லி, அவள் எழுதிக்கொண்டாள்.

அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஆறு மணி நேர ஓட்டம். கடலோரத்தில் அவளுடைய பழங்குடி மக்களின் ஊர். இறக்கிக் கொடுத்து, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அங்கே கிரேன் இல்லை. ஊரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. கை போதாது, நீயும் வா என்றார்கள்.

கயிறு அறுந்தால் எந்தப் பக்கம் பாய்வது என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் பிடித்தான்.

கம்பம் மெல்ல எழுந்தது.

படுத்துக் கிடந்தபோது கோணலாகப் பட்ட முகங்கள் நிமிர்ந்ததும் சரியாகிவிட்டன. கீழே நின்று பார்ப்பவனின் கண்ணுக்கென்றே செதுக்கியிருக்கிறாள், கள்ளி. காகத்தின் அலகு வானத்தில் போய் நின்றது. அவனுக்கு மயிர் கூச்செறிந்தது. அதை அவன் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

கரடியின் மடியில் ஒரு சின்ன மனிதன் இருந்தான். லொறியில் கிடந்தபோது அவன் கண்ணில் படாதவன்.

யார் என்று கேட்டான்.

கரடி எங்கள் குடும்பத்தின் குறி என்றாள் டோரீன். மடியில் இருப்பது கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் தம்பி.



பிறகு ஒரு பெரியவர் தாளை விரித்துப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்.



பெயர் வாசித்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டாயிரத்து ஒன்பது, வைகாசி. ஆமியின் சோதனைச் சாவடி. வாசித்தார்கள். அண்ணன் வரிசையை விட்டு விலகி, பச்சை பஸ்ஸில் ஏறினான். அவன் பத்தாள் பின்னால், செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆனாலும் கண்டான்.

அண்ணியிடம் காணவில்லை என்று சொன்னான். கண்டேன் என்றால், ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாளே.

பதினைந்து வருடமாக அண்ணி வவுனியாவில் தெருவோரம் அண்ணனின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். போன கிழமையும் செய்தி அனுப்பியிருந்தாள். வழக்குக்குக் கண்ட சாட்சி ஒன்றாவது வேண்டுமாம். “பஸ்ஸில ஏறினதைக் கண்ட ஆக்கள் ஆரையும் தெரியுமோ தம்பி?”

அவன் பதில் போடவில்லை.

“கனகலிங்கம் தயாபரன்.”

பெரியவர் அவன் பெயரை ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லொறி நூறடி தூரத்தில் நின்றது.

போனான். பெரியவர் முன்னால் நின்றதும் ஒரு சாம்பல் நிறப் போர்வையைக் கையில் வைத்தார்கள். அடுத்த பெயரை வாசித்தார்கள்.

லொறிக்குக் கொண்டுபோய் உதறினான். விளிம்புத் தையலைத் தடவினான். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது இன்னும் பயமாக இருந்தது.

திருப்பிக் கொடுக்கப் போனான். தான் வெறும் சாரதி, இது தனக்கு வேண்டாம் என்றான்.

டோரீன் அவனுடைய தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். இங்கே பெயர் வாசித்துக் கொடுத்தால், வாங்கியவர் சாட்சி. உனக்குத் தாள் வேண்டும். எங்களுக்கு ஆட்கள்தான் தாள். இப்படி ஒரு தம்பி இருக்கவே இல்லை என்று நாளைக்கு யாராவது சொன்னால், கயிறு பிடித்தவர்கள் வந்து சொல்ல வேண்டும்.

அவன் போர்வையை நீட்டியபடியே நின்றான்.

அவள் வாங்கவில்லை.

“போர்வையை வேண்டுமானால் வைத்துவிட்டுப் போ. கண்டதை எங்கே வைப்பாய்?”

லொறியில் ஏறி உட்கார்ந்தான். போர்வை பக்கத்து ஆசனத்தில் கிடந்தது. கண்ணாடிக்கு வெளியே கரடி, மடியில் அந்த மனிதன்.

மாலை ஆறு மணி. வவுனியாவில் விடிந்திருக்கும்.

போன் அடித்தான். இரண்டாவது மணியடிப்பிலேயே அண்ணி எடுத்துவிட்டாள். சொல்லுங்கோ தம்பி என்றாள்.

அவனுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

“அண்ணி, அது பச்சை பஸ். நான் பத்தாள் பின்னால நிண்டனான்.”