பதினோரு கையெழுத்து

சூப்பர்வைசர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தபோது குருவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அத்தனை மெஷின்களையும் நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதி காதுக்குப் பழக்கமில்லாததாக இருந்தது.

"குருவியப் பத்தி மனு குடுத்திருக்கீங்க. பதினோரு பேரு கையெழுத்து இருக்கு," என்றார்.

கையெழுத்துப் போடாத பன்னிரண்டாவது ஆள் நான். காலையில் என்னிடமும் நீட்டினார்கள். கண்ணாடியைப் போட்டுப் படித்துப் பாருங்கள் பெரியம்மா என்றாள், எல்லாரும் வாயாடி என்று கூப்பிடுகிறவள். படிக்காமலே எனக்குத் தெரியும் என்று தள்ளிவிட்டேன். பேனா கேட்டார்கள், அதையும் தரவில்லை. வாசல் காவலாளியிடம் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு வாரமாகவே குசுகுசுவென்று பேச்சு. குருவி வந்தால் நின்றுவிடும். வாயாடி அவள் கைகளையே ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

குருவி போன மாதம், ஈர விரிப்புகளை உதறும்போது, தானாகவே என்னிடம் சொன்னாள். பிறந்தபோது வைத்தது ஆண்பிள்ளைப் பெயராம். அந்தப் பெயரைச் சொல்லி அடித்தவர்களை விட்டு வெகுதூரம் வந்துவிட்டாளாம். இங்கே யாருக்கும் தெரியாது, சொல்லிவிடாதீர்கள் என்றாள்.

நான் மூச்சு விடவில்லை. ஆனாலும் எப்படியோ கசிந்துவிட்டது என்று நினைத்தேன். இங்கே சோப்பு நுரைக்குக்கூடக் காது உண்டு.

ஒருத்தியாவது அவளுக்காக வாயைத் திறக்க வேண்டாமா? வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் பேசிப் பழகியிருந்தேன். பாத்திரங்கள் எதிர்த்துப் பேசவில்லை.

சூப்பர்வைசர் படிக்கத் தொடங்குமுன் ஓரடி முன்னால் வைத்தேன்.

"அவ ஆம்பளையாப் பொறந்தா என்ன இப்ப? உங்க எல்லாரையும் விட நல்ல பொம்பள அவ. அவள அனுப்புறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்புங்க."

குரல் நடுங்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் குருவியைத்தான் பார்த்தார்கள், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவளைப் பார்ப்பதுபோல.

சூப்பர்வைசர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வேறு வழி தெரியாதவர்போல மெதுவாகப் படித்தார்.

ஆறு மாதமாக நீராவி இஸ்திரியில் குருவி ஒருத்தியே நிற்கிறாள். முழங்கைவரை கொப்புளம். சொன்னால் வேண்டாமென்று தடுத்துவிடுவாள் என்பதால் அவளிடம் சொல்லவில்லை. இனி ஆளுக்கு ஒரு வாரம் நாங்கள் நிற்கிறோம். அவளைக் கொஞ்ச நாள் மடிக்கிற இடத்தில் உட்கார விடுங்கள்.

அவ்வளவுதான் மனு.

குருவி பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. என் முழங்கையில் அவள் கை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

மனுவை எழுதியவள் வாயாடி. அவள்தான் முதலில் வந்து தாளை வாங்கினாள். கிழிக்கவில்லை. மேசைமேல் விரித்து, தன் பெயர் இல்லாமல் எப்படி இருக்கும் என்பதுபோல அதை விரலால் மறைத்துப் பார்த்தாள்.

மூட்டைகளில் வார்டு பெயர் எழுதுகிறவள் நான். பேனா எப்போதும் என் காதோரம் செருகியிருக்கும்.

வாயாடி என்னிடம் கையை மட்டும் நீட்டினாள்.

என் கை தானாகக் காதுக்குப் போய்விட்டது.